மக்கின்டயர் என்றால் யார் மகன்

லண்டன் இல்ஃபோர்ட்டில் என் மகன் ரவியின் வீட்டு மாடி யன்னலைத் திறந்தால் எதிர்வரிசைக் கூரைகள் தெரியும். கூரைக்கு எட்டுப் புகைக்குழாய்கள். பதினோரு கூரைகளை எண்ணினேன். எண்பத்தெட்டுக் குழாய்கள், ஒன்றிலிருந்தும் புகை வரவில்லை. இவ்வளவு குழாய்களை வைத்துக்கொண்டு ஏன் ஒருவரும் அடுப்பு மூட்டவில்லை என்ற கவலை எனக்கு வந்துவிட்டது. நில அளவைத் திணைக்களத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எண்ணாமல் இருக்கத் தெரியாது.

யாழ்ப்பாணத்திலிருந்து நான் வந்தது பேத்தி டிலானியின் கலியாணப் பேச்சுக்கு. மாப்பிள்ளை கௌதம், தோர்ண்டன் ஹீத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் சிவலிங்கத்தின் மகன். இருவரும் பல்கலைக்கழகத்தில் பழகியவர்கள். அவர்கள் சைவம், நாங்கள் கிறிஸ்தவம். அதை இரண்டு வீட்டாரும் எப்படியோ விழுங்கித் தண்ணீர் குடித்துவிட்டார்கள். பெரியவர்கள் கூடி நாள் குறிப்பதுதான் மிச்சம் என்று ரவி சொல்லியிருந்தான்.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே தோர்ண்டன் ஹீத் போனோம். ஆற்றின் அடியில் போகும் சுரங்கத்துக்குள் கார் நின்றுவிட்டது. முன்னால் ஏதோ லொறி பழுது. மேலே தேம்ஸ் ஓடுகிறது, கீழே நாங்கள் இருக்கிறோம். இந்தச் சுரங்கம் எவ்வளவு பழையது என்று ரவியிடம் கேட்டேன். "அப்பா, கேக்காமல் இருந்தா நல்லம்," என்றான்.

சிவலிங்கம் வீட்டில் வடை, ரோல்ஸ், கேசரி, பயற்றம் பணியாரம் என்று மேசை நிறைந்திருந்தது. எல்லாம் நன்றாகவே போனது. தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் தாய் பரமேஸ்வரி மட்டும் கேத்தலைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"ஐயா, உங்கட பேர் எங்கத்தையான் பேர்?"

"மக்கின்டயர். ஸ்கொட்லாந்துப் பேர்," என்றேன்.

"அது தெரியுது. உங்களுக்கு எப்பிடி வந்தது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "சும்மா கேட்டனான். எங்கட ஆக்கள் கேப்பினம், அதுக்காக. வடிவா விசாரிச்சுப்போட்டு நாளை வைப்பமே."

யாழ்ப்பாணத்தில் 'சும்மா கேட்டனான்' என்பதைவிடக் கனமான கேள்வி கிடையாது. என்ன கேட்கிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. நாங்கள் என்ன ஆட்கள், என்ன சாதி என்று கேட்கிறார். திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கியபோது டிலானி சொன்னாள். "அப்பப்பா, நாங்கள் ரெண்டு பேரும் கவுன்சில் ஒஃபிசில போய்க் கையெழுத்து வைக்கலாம். ஆனா அம்மாவை விட்டிட்டு கௌதம் வரமாட்டார். வந்தாலும் எனக்கு வேண்டாம்."

அடுத்த ஞாயிறு இரவுச் சாப்பாட்டுக்கு அதே வீட்டுக்கு மறுபடி அழைப்பு. அதற்குள் பெயரின் வம்சத்தைக் கண்டுபிடித்துக் கொண்டுபோய் மேசையில் வைப்பது என்று தீர்மானித்தேன்.

எங்கள் வீட்டில் வழங்கி வந்த கதை இதுதான். மிஷன்காரர் பள்ளிக்கூடம் வைத்திருந்த காலத்தில் எங்கள் பூட்டன் ஒரு ஸ்கொட்லாந்துப் பாதிரியாரிடம் ஞானஸ்நானம் பெற்றார். அந்தக் காலத்துப் பாதிரிமார் சேர்ந்த பிள்ளைகளுக்கு வெள்ளைக்காரப் பெயர் வைப்பது வழக்கம். பணம் அனுப்பிய கனவான்களின் பெயர்களையும் வைப்பார்கள். ஆகவே யாரோ ஒரு பெரிய துரையின் பெயர் எங்களுக்கு வந்தது. அந்தத் துரை யார் என்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது. என் தகப்பனார் அந்தப் பெயரைச் சேர்ட்டில் குத்திய பதக்கம்போலச் சுமந்தார். எனக்குப் பள்ளிக்கூடத்தில் அது அவ்வளவு உதவவில்லை. பையன்கள் முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு 'மக்கு' என்று கூப்பிட்டார்கள். நான் கணக்கில் முதலாவதாக வந்தேன், அதற்குப் பிறகும் 'மக்கு'தான்.

திங்கட்கிழமை டிலானி தன் போனில் பெயரைத் தட்டினாள். முதலில் வந்தது ஒரு குலச்சின்னம். நிமிர்ந்த ஒரு கை, அதில் ஒரு குத்துவாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. குத்துவாள் பிடித்த வம்சத்தின் பெயரை வைத்துக்கொண்டு எழுபத்தாறு வருடமாக மக்கு என்று பேர் எடுத்திருக்கிறேன்.

"அப்பப்பா, கீழ அர்த்தமும் ஏதோ போட்டிருக்கு."

"அர்த்தம் பிறகு. முதலில் வம்சம்."

பெயருக்கு அர்த்தம் பார்ப்பது தமிழ்ப் பழக்கம் என்றும், வெள்ளைக்காரன் பெயர் வெறும் பெயர் என்றும் அன்றைக்கு நினைத்தேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் தனியாக மத்திய லண்டனுக்குப் போனேன். ஸ்கொட்லாந்துச் சாமான் விற்கும் கடை ஒன்றில் ஒரு சுழலும் தட்டு முழுவதும் குலச்சின்னம் பதித்த சாவிக்கொத்துகள். தட்டுக்கு இருபத்துநான்கு வரிசை. மக்கின்டயர் பதினேழாவது வரிசையில் கிடைத்தது. எங்கள் குலத்துக்கென்று நெய்த கட்டம்போட்ட கழுத்துப்பட்டியும் இருந்தது. பச்சையும் நீலமும், இடையில் சிவப்புக் கோடு. சிறுவயதில் எங்கள் வீட்டில் எல்லோரும் உடுத்த சாரமும் ஏறக்குறைய இதே கட்டம்தான். கடைக்காரர் பஞ்சாபி. "உங்கள் நண்பருக்கா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "எனக்கு. நான்தான் மக்கின்டயர்," என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நல்லது. என் மைத்துனன் பெயர் ஜோர்ஜ்," என்றார். அது ஆறுதலா கேலியா என்று இன்றுவரை விளங்கவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் எலிசபெத் ரயிலில் மறுபக்கம் ஏறி பாடிங்டன் வரை போய்விட்டேன். ரயில் பெட்டிக்குள் ஒருவரும் ஒருவரோடும் பேசுவதில்லை. எங்கள் ஊர் ரயிலாக இருந்தால் ஏறிய உடனேயே எங்கே போறியள் என்று மூன்று பேராவது கேட்டு, பிழையான ரயில் என்று இறக்கி விட்டிருப்பார்கள்.

புதன்கிழமை பெரிய நூலகம் ஒன்றில் உட்கார்ந்தேன். மிஷன் சரித்திரங்கள் ஐந்து புத்தகம் எடுத்துத் தந்தார்கள். யாழ்ப்பாணத்துக்கு வந்த பாதிரிமாரில் மக்கின்டயர் என்று ஒருவரும் இல்லை. பணம் அனுப்பியவர்களிலும் இல்லை. ஐந்தையும் மறுபடி முதலிலிருந்து புரட்டினேன். மேசையில் இருந்த இளம்பெண் தலையில் முக்காடு போட்டிருந்தாள், சோமாலியாக் குடும்பம். என் முகத்தைப் பார்த்து என்ன தேடுகிறேன் என்று விசாரித்தாள். சொன்னேன்.

"எங்களுக்குக் குடும்பப் பெயரே இல்லை," என்றாள். "என் பெயர், அப்பா பெயர், அவருடைய அப்பா பெயர். அவ்வளவுதான்."

"எங்கள் ஊரிலும் அப்படித்தான். இந்தப் பெயர் இடையில் வந்து மாட்டிக்கொண்டது."

அவள் யோசித்துவிட்டு, புத்தகத்தில் இல்லையென்றால் அந்தப் பெயரின் பாஷை பேசுகிறவர்களையே கேட்டால் என்ன என்றாள். சனிக்கிழமைகளில் ஒரு தேவாலய மண்டபத்தில் ஸ்கொட்லாந்தின் பழைய பாஷையான கேலிக் பேசுகிறவர்கள் கூடிச் சாப்பிட்டுப் பாடுவார்களாம். இடத்தைச் சொன்னாள்.

சனிக்கிழமை டிலானியும் கூட வந்தாள். பஸ் பாதி வழியில் நின்றது. பஸ்ஸின் சேருமிடம் மாற்றப்பட்டுவிட்டது என்று ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் மிகவும் மரியாதையாகச் சொன்னது. நாற்பது பேரும் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் இறங்கினார்கள். எங்கள் மினிபஸ்ஸும் நினைத்த இடத்தில் திரும்பும். ஆனால் அதைச் சொல்ல ஒரு கொண்டக்டர் இருப்பான், அவனோடு சண்டையாவது பிடிக்கலாம். மழைத்தூறலில் நடந்தோம். நான் கழுத்துப்பட்டி நனையாமல் கையால் பொத்திக்கொண்டு நடந்தேன்.

மண்டபத்தில் முப்பத்தொரு பேர். செம்பட்டை மயிர் என்று சொல்லக்கூடியது இரண்டே தலைகள். மற்றதெல்லாம் நரை. சாப்பாட்டு நேரம். ஓட்ஸ் மாவில் தட்டிய காய்ந்த ரொட்டி, பாற்கட்டி, கறுப்பாக வட்டம் வட்டமாக அரிந்து பொரித்த ஒன்று. அது இரத்தத்தில் செய்தது என்று எதிரே இருந்த மூதாட்டி எச்சரித்தார். நான் நான்கு துண்டு எடுத்தேன்.

"இரத்தம் என்று சொன்னேனே, கேட்டதா?" என்றார்.

"கேட்டது. எங்கள் ஊரில் ஆட்டு இரத்தத்தில் வறை செய்வோம். இதற்கு மிளகாய் போதாது."

அவர் பெயர் மோராக். மேற்குத் தீவு ஒன்றில் பிறந்தவர். லண்டனில் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்த நாளிலிருந்து பிள்ளைகளை அதட்டியவர்போல ஒரு குரல். என் கழுத்துப்பட்டியைப் பார்த்து, "இதை எங்கே வாங்கினீர்கள்?" என்றார். என் பெயரைச் சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அப்படிச் சொல்லக்கூடாது. அது ஆங்கிலக்காரர் கடித்துத் துப்பியது. மக் அன் தூர். சொல்லுங்கள்."

அந்தத் 'தூ'வை அவர் சொன்ன விதம் உகரமும் இல்லை, இகரமும் இல்லை. 'பந்து' என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் ஒலிக்கிறதே, எங்கள் குற்றியலுகரம், அதைப் பிடித்து நீட்டினால் வரும் ஒலி. நான் சொன்னேன். மோராக் எழுந்தே விட்டார். பக்கத்து மேசைகளைக் கூப்பிட்டார். "எத்தனை வருடமாக இந்த லண்டன்காரர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கிறேன். இவர் முதல் தரத்திலேயே சொல்கிறார்." என்னை மூன்று தரம் சொல்லவைத்தார்கள். மூன்று தரமும் கைதட்டினார்கள். டிலானி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"சரி, 'மக்' என்றால் என்ன?" என்றேன்.

"மகன்."

"என்ன?"

"மகன். இன்னாருடைய மகன்."

எனக்கு உட்கார முடியவில்லை. மக், மகன். மகனைத் தமிழில் மகன் என்கிறோம் என்று சொன்னேன். அது வெறும் தற்செயல், அதில் கட்டடம் கட்டாதீர்கள் என்று மோராக் அதட்டினார். தற்செயலாகவே இருக்கட்டும். தகப்பன் பெயரை முதலெழுத்தாக வைத்துக்கொண்டு திரியும் எங்களைப் போலவே, உலகத்தின் மறுகோடியில் ஒரு சாதி சனம் இன்னாருடைய மகன் இன்னாருடைய மகன் என்று பெயர் வைத்திருக்கிறது. எழுபத்தாறு வருடமாக ஆங்கிலம் என்று நினைத்த பெயரின் முதற்பாதி எனக்கு விளங்குகிற சொல்லாக இருக்கிறது.

"யாருடைய மகன்?" என்று டிலானிதான் கேட்டாள்.

"தச்சனுடைய மகன்," என்றார் மோராக். "தனியே நின்றால் அந்தச் சொல் சூர், 'அன்'னுக்குப் பின்னால் வந்தால் தூர். சூர் என்றால் தச்சன்."

நான் உட்கார்ந்துவிட்டேன். குத்துவாள் என்ன ஆனது என்று கேட்டேன். மோராக் சிரித்தார். அந்தக் குடும்பத்தாருக்கே தச்சன் மகனாக இருப்பது பிடிக்கவில்லையாம். ஆகவே ஒரு கதை கட்டினார்கள். பெரிய பிரபு வீட்டுப் பிள்ளை ஒருவன் கடலில் போகும்போது தோணியில் ஓட்டை விழுந்ததாம். தன் பெருவிரலை வெட்டி அந்த ஓட்டையை அடைத்தானாம். அதற்காகத் தச்சன் என்று பட்டப்பெயர் வந்ததாம். "விரலை வெட்டுவதற்குப் பதிலாகச் சட்டையைக் கிழித்து அடைத்திருக்கலாமே என்று என் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது. அதற்கு நூறு மதிப்பெண் கொடுத்தேன்."

காதில் கருவி மாட்டிய ஒரு கிழவர் குறுக்கிட்டார். "அவரைப் பயமுறுத்தாதே, மோராக். சூர் என்றால் சுதந்திரமான என்றும் அர்த்தம் உண்டு. சுதந்திர மனிதனின் மகன் என்று வைத்துக்கொள்ளட்டும்."

"மலிவு என்றும் அர்த்தம் உண்டு," என்றார் மோராக். "வேண்டுமானால் மலிவு மகன் என்று வைத்துக்கொள்ளட்டும். இலக்கணப்படி இந்தப் பெயரில் அது தச்சன்தான்."

பிறகு அவர் என் பூட்டனைப் பற்றிக் கேட்டார். ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியாரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவர் வீட்டில் ஆங்கிலம் பேசமாட்டார், மனைவியோடு வேறேதோ பாஷையில் பேசுவார் என்று சொல்வார்கள். மோராக் என்னைப் பார்த்தார். மெதுவாக, வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "அவர் பையனிடம் நீ யார் மகன் என்று கேட்டிருப்பார். பையன் பதில் சொல்லியிருப்பான். அவர் அதைத் தன் வீட்டுப் பாஷையில் எழுதியிருப்பார். துரையும் இல்லை, பிரபுவும் இல்லை. மொழிபெயர்ப்பு."

மண்டப வாசலில் நின்று யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் ராணி அக்காவுக்குப் போன் எடுத்தேன். அவருக்கு எண்பத்துமூன்று வயது, காது நன்றாகக் கேட்கும். டிலானி பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, எங்கட பூட்டன்ரை தேப்பன் தச்சனோ?"

"ஆர் சொன்னது?"

"இஞ்சை ஒரு வெள்ளைக்கார மனிசி."

"அவவுக்கு எப்பிடித் தெரியும்?"

"எங்கட பேரிலயே அது இருக்காம். மக்கின்டயர் எண்டாத் தச்சன்ரை மகனாம்."

மறுபக்கம் சிரிப்புக் கேட்டது, இருமலோடு சேர்ந்து. "அட கோதாரி. அதை மறைக்கத்தானே அப்பா அந்தப் பேரைக் கொண்டு திரிஞ்சவர்."

"உனக்கு முதலே தெரியுமோ?"

"ஓம். அம்மா சொன்னவ. எங்கட கோயில் பிரசங்க பீடம் பூட்டன் குடுத்தது எண்டு அப்பா சொல்லுவார் எல்லே? குடுக்கேல்ல, செய்தவர். அவரும் தச்சன்தான், தேப்பனும் தச்சன்தான்."

"ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல?"

"உனக்குச் சொன்னா எத்தினை ஆணி அடிச்சவர் எண்டு கேப்பாய்."

உண்மையில் அந்தக் கேள்வி எனக்கு வந்திருந்தது.

திரும்பும் ரயிலில் நான் திட்டம் போட்டேன். பரமேஸ்வரியிடம் 'சுதந்திர மனிதனின் மகன்' என்று சொல்லிவிடலாம். பொய் இல்லை. அகராதியில் உள்ள அர்த்தம். டிலானியிடம் சொன்னேன். "நீங்கள் விரும்பினதைச் சொல்லுங்கோ அப்பப்பா. எனக்கு அவர் வேணும். ஆனா கட்டின பிறகும் நான் இந்தப் பேரை மாத்தமாட்டன்."

ஞாயிறு மாலை தோர்ண்டன் ஹீத். இடியப்பம், சொதி, கத்தரிக்காய்ப் பால்கறி, உருளைக்கிழங்குப் பிரட்டல், சம்பல். என் தட்டில் ஐந்து இடியப்பம். பரமேஸ்வரி உட்காரவில்லை. அகப்பையோடு நின்றபடியே, "பேரைப் பற்றி ஏதோ விசாரிக்கிறியள் எண்டு கௌதம் சொன்னவன்," என்றார்.

சுதந்திரம் என்ற சொல்லை நாக்கில் வைத்துக்கொண்டுதான் நான் ஆரம்பித்தேன். ஆனால் மக் என்பது மகன் என்பதிலிருந்து தொடங்கிவிட்டேன். அங்கிருந்து குற்றியலுகரத்துக்குப் போனேன். மக் அன் தூர் என்று சொல்லிக் காட்டினேன். கௌதம் சொல்லிப் பார்த்தான். சிவலிங்கமும் சொல்லிப் பார்த்தார். எனக்கு நிறுத்த முடியவில்லை. பாதிரியார், பையன், நீ யார் மகன், எல்லாம் வந்தது. அந்த வேகத்தில், "தச்சன் மகன். பேரை அப்பிடியே மொழிபெயர்த்து வைச்சிருக்கிறார்," என்று முடித்தேன். முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்குக் கேட்டது. ரவி தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிவலிங்கம் தொண்டையைச் செருமினார். "அதுக்கென்ன. நான் இஞ்சை வந்த புதுசில தச்சு வேலைதானே செய்தனான். இந்தக் கிச்சின் கபேட் முழுக்க நான் அடிச்சது."

"அது நீங்கள் செய்த வேலை," என்றார் பரமேஸ்வரி. "ஐயா சொல்லுறது பிறப்பு."

"உளிக்கு அது தெரியுமே?"

"உளிக்குத் தெரியாது. என்ரை அக்காவுக்குத் தெரியும்."

டிலானியின் கையைக் கௌதம் மேசைக்கு மேலேயே பிடித்திருந்தான். பரமேஸ்வரி அதைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார். "அப்ப வெள்ளைக்காரக் கலப்பு ஒண்டும் இல்லையோ?"

"இல்லை. ஒரு சொட்டும் இல்லை."

அவர் அகப்பையை வைத்துவிட்டுக் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். "நான் பறங்கியோ எண்டுதான் கேட்டனான் ஐயா. போன கிழமை முழுக்க எனக்கு நித்திரை இல்லை."

வெள்ளைக்காரத் துரையின் வம்சம் என்று நிரூபிப்பதற்காக ஒரு வாரம் அலைந்தவன் நான். நிரூபித்திருந்தால் கலியாணம் அங்கேயே நின்றிருக்கும். கழுத்துப்பட்டியைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டேன்.

ஆனால் அவர் தச்சனை விட்டுவிடவில்லை. உருளைக்கிழங்கைக் கிளறியபடி நெடுநேரம் யோசித்தார். கடைசியில், "ஆவணியில நாள் பாப்பம்," என்றார். டிலானி மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "ஆனா ஒண்டு. எங்கட ஆக்களுக்குப் பாதிரியார் வைச்ச பேர் எண்டு சொல்லுவன். அதுக்கு மேல நீங்கள் ஒண்டும் கதைக்கப்படாது."

"நானாச் சொல்லமாட்டன். கேட்டாச் சொல்லுவன்," என்றேன்.

"கேட்டாலுமோ?"

"கேட்டாச் சொல்லத்தான் வேணும். என்ரை பேர் அது."

அவர் என்னைப் பார்த்தார், சிவலிங்கத்தைப் பார்த்தார், கபேட்டைப் பார்த்தார். "அப்ப ஒருத்தரும் கேக்காமல் நான் பாத்துக்கொள்ளுறன்," என்று சொல்லி என் தட்டில் ஆறாவது இடியப்பத்தை வைத்தார்.

சொன்னபடியே செய்தார். ஆவணியில் கலியாணத்துக்கு வந்தவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். நான் கதிரை கதிரையாகப் போய் எண்ணினேன். எந்தக் கதிரையடியில் நான் நின்றாலும் பரமேஸ்வரி எங்கிருந்தோ வந்து, "ஐயா, சாப்பிட்டியளோ?" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஒருவரும் என்னிடம் பெயரைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் வாக்குத் தவறாமல் பேசாதிருந்தேன். எழுதுவதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.